வாய்க்கால்கரைத் தெருவின் முதல் குழி

அக்கா,

இன்று காலை வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு சந்தில் குழி அடைக்கும் வேலை. மழை விட்டு இரண்டு நாள் ஆகிறது. லாரியிலிருந்து தார்க்கலவையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். நான் வழக்கம்போலக் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன். பின்னால் ஒரு மொபெட் வந்து நின்றது. பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டிற்று. தார் வாடையும் மீன் வாடையும் ஒன்றாக ஏறியதுதான் தாமதம், நான் திரும்பிக்கூடப் பார்க்காமல், “வாங்கக்கா, ஒரு நிமிஷம், வழி விடச் சொல்லுதேன்” என்று சொல்லிவிட்டேன்.

வந்தது வேறு யாரோ ஒரு அம்மாள். “என்னைய உங்களுக்குத் தெரியுமா சார்?” என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டிவிட்டு டீக்கடைப் பக்கம் நகர்ந்துகொண்டேன். என்ன சார், கண்ணு கலங்கியிருக்கு என்று மேஸ்திரி கேட்டார். தார்ப்புகை என்றேன். இருபது வருடமாகத் தார்ப்புகையிலேயே நிற்கிற மனுஷனுக்கு இன்றைக்குத்தான் கண் கலங்குமா என்று அவர் நினைத்திருப்பார். நல்லவர், மேலே கேட்கவில்லை.

உங்களை முதலில் பார்த்தது எங்கள் அலுவலகத்தில் மனு வாங்குகிற ஜன்னலில். நான் ரோட்டு வேலைகளுக்குப் பணி ஆய்வாளர். பேர்தான் பெரிது. எந்தத் தெருவில் எத்தனை குழி என்று எழுதுவதும், ஆள் அனுப்புவதும், மேலே இருப்பவர்களிடமும் கீழே இருப்பவர்களிடமும் மாறி மாறித் திட்டு வாங்குவதும்தான் வேலை. நீங்கள் உவரிக்காரர் என்பதும், வீட்டுக்காரர் போன பிறகு மகளோடு பாளையங்கோட்டைக்கு வந்தீர்கள் என்பதும், உங்கள் தம்பி முதல் பஸ்ஸில் ஏற்றிவிடும் மீனைத் தெருத்தெருவாக விற்றுத்தான் மகளைக் கட்டிக்கொடுத்தீர்கள் என்பதும் பிறகு தெரிந்தவை. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது வாடை மட்டும். நாங்கள் சைவம். வீட்டில் முட்டை என்ற சொல்லைக்கூடக் கொஞ்சம் தாழ்ந்த குரலில்தான் சொல்வார்கள். நான் நாற்காலியை அரையடி பின்னால் தள்ளிப்போட்டுக்கொண்டேன். அதை நீங்கள் பார்த்தீர்கள். பார்த்துவிட்டு ஜன்னலுக்கு இன்னும் கொஞ்சம் கிட்டே வந்தீர்கள்.

“குழி எவ்வளவு நீளம்மா?”

“ஒரு சீலா நீளம் இருக்கும் சார்.”

“ஆழம்?”

“விளமீனை நிப்பாட்டி வச்சா முதுகு மட்டும் வெளிய தெரியும்.”

“எனக்கு மீனெல்லாம் தெரியாதும்மா. அடிக்கணக்குல சொல்லுங்க.”

“எனக்கு அடிக்கணக்கு தெரியாது சார். நான் தெனமும் பெட்டியில அடுக்குதது மீனுதான்.”

பிறகு இரண்டு கையையும் ஜன்னலுக்கு உள்ளே நீட்டி நீளம் காட்டினீர்கள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்றடி என்று எழுதினேன்.

அதற்குப் பிறகு திங்கள்கிழமை தவறாமல் வந்தீர்கள். நீங்கள் மீன் போடுகிற அத்தனை தெருவின் குழிகளையும் மனதில் வைத்திருந்தீர்கள். மீன் வாங்குகிற வீட்டு அம்மாமார்கள் எங்க தெருவையும் சொல்லிருங்கக்கா என்று உங்களிடமே சொல்லிவிட ஆரம்பித்திருந்தார்கள். மத்தி நீளக் குழி, பாறை நீளக் குழி என்று நீங்கள் ஒப்பிக்க ஒப்பிக்க, வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. திங்கள்கிழமை வந்தாலே தலைவலி வரும். ஒரு தடவை நீங்கள் வருவதைப் பார்த்துவிட்டுப் பதிவேட்டு அறைக்குள் போய் நின்றுகொண்டேன். தூசியில் எனக்குத் தும்மல் வந்துவிட்டது. “சார், நீங்க பைய வாங்க, நான் நிக்கேன்” என்று வெளியிலிருந்து குரல் கொடுத்தீர்கள்.

போன ஐப்பசியில் நீங்கள் வந்தது அப்படி இல்லை. ஊர்க்குழி எதையும் சொல்லவில்லை. உங்கள் வாய்க்கால்கரைத் தெருவை மட்டும் சொன்னீர்கள். தெரு முக்கில் குடிநீர்க் குழாய்க்காகத் தோண்டி, மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போன இடம் மழையில் உள்வாங்கிவிட்டது. அதுதான் முதல் குழி; மறுபடியும் ஜன்னலுக்குள் கையை நீட்டி அதே மூன்றடியைக் காட்டினீர்கள். அதைத் தாண்டி உள்ளே நாலு. ஆட்டோக்காரர்கள் முக்கிலேயே இறக்கிவிடுகிறார்கள் என்றீர்கள். இதெல்லாம் எல்லாரும் சொல்வதுதானே என்று நான் எழுதிக்கொண்டே போனேன். அப்போதுதான் உங்கள் மகள் முழுகாமல் இருப்பதைச் சொன்னீர்கள்.

தை பிறந்ததும் ஒன்பதாம் மாதம். தலைப்பிரசவம், அம்மா வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும். பெரிய ஆஸ்பத்திரியும் இங்கேதான் பக்கம். வீட்டைப் பார்த்துவிட்டுப் போக உவரியிலிருந்து சம்பந்தியம்மா வந்திருக்கிறார். முக்கில் ஆட்டோவின் முன்சக்கரம் குழிக்குள் இறங்கி, அவர் தலை மேல் கம்பியில் இடித்திருக்கிறது. இறங்கி நின்று தெருவை ஒரு பார்வை பார்த்தாராம். வீட்டுக்குள்ளே வந்து ஒரு வாய்த் தண்ணீர் கூடக் குடிக்கவில்லையாம்.

“எம் மருமவள இந்தக் குழிக்குள்ள அனுப்ப மாட்டேன், வலி வந்தா தூக்கிட்டா ஓடுவீங்கன்னு கேட்டுட்டுப் போயிட்டா சார். அவ கேட்டது நியாயந்தானே? எனக்கு இருக்கது ஒத்தப் பிள்ளை. அதோட முதப் பேறு எம் வீட்டுல நடக்காட்டி நான் என்ன தாயி?”

நான் எழுதிக்கொண்டேன். பார்ப்போம் என்றேன். அந்தப் ‘பார்ப்போம்’ எப்படிப்பட்டதென்று எங்கள் அலுவலகத்து நாற்காலிக்குக்கூடத் தெரியும். ஆனால் நீங்கள் கும்பிட்டுவிட்டுப் போனீர்கள்.

இனிச் சொல்வதை நான் இதுவரை எழுத்தில் வைத்ததில்லை. புகார்களெல்லாம் கம்ப்யூட்டரில் ஏறுகின்றன. குறித்த நாளுக்குள் முடிக்காவிட்டால் பேர் மேலே போகும், கூட்டத்தில் எழுப்பி நிற்கவைத்துக் கேட்பார்கள். அந்த மாதம் மழையில் ஊரே பெயர்ந்து கிடந்தது. ஆள் இல்லை, கலவை இல்லை. கூட்டத்துக்கு முந்தின நாள் நான் உட்கார்ந்து, பழைய வேலை ஒன்றின் படத்தை ஏற்றி, பன்னிரண்டு புகார்களை முடிந்ததாகக் காட்டினேன். அதில் உங்களுடையதும் ஒன்று. அந்தத் தெருவை நான் அதுவரை கண்ணால்கூடப் பார்த்ததில்லை. கூட்டத்தில் என்னைப் பாராட்டினார்கள். சாயங்காலம் அல்வா வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

இரண்டாம் நாள் காலையில் ஜன்னலில் நீங்கள். கையில் போன்.

“கண்ணாடிய வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன் சார். ஏதோ வந்திருக்கு. இத வாசிங்க.”

நான் வாசித்தேன். வாய்க்குள்ளேயே வாசித்தேன்.

“சத்தமா வாசிங்க சார், வண்டிச் சத்தத்துல கேக்கல.”

“தங்கள் புகார் சரிசெய்யப்பட்டு முடிக்கப்பட்டது.” வரிசையில் நின்ற பத்துப் பேரும் கேட்டார்கள்.

உங்கள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கிண்டல் துளிகூட இல்லை அக்கா. நீங்கள் நம்பிவிட்டீர்கள். “நான் விடியக்காலம் வாறப்ப குழி இருந்துச்சே, அதுக்கப்புறம் வந்து அடைச்சிட்டாங்களா? நீங்க நல்லா இருக்கணும் சார். இரிங்க, சம்பந்தியம்மாவுக்கு ஒரு போனப் போட்டுச் சொல்லிருதேன்” என்று அங்கேயே எண்ணைத் தேட ஆரம்பித்தீர்கள்.

அந்த போன் மட்டும் போயிருந்தால்? அந்த அம்மாள் நம்பி வந்து இன்னொரு முறை அதே குழியில் இறங்கியிருந்தால், உங்கள் வார்த்தைக்கு அப்புறம் உவரியில் என்ன மதிப்பு? “வேண்டாம் வேண்டாம், முதல்ல ஒரு தடவை பாத்துட்டு அப்புறம் சொல்லலாம்” என்றேன்.

“அப்ப வாங்க. ரெண்டு பேருமாப் போயிப் பாத்துட்டு வந்துருவோம்.”

நான் என் வண்டிச் சாவியை எடுத்தேன். எதுக்கு ரெண்டு வண்டி, ஏறுங்க என்றீர்கள். உங்கள் மொபெட்டில் பின்சீட் ஏது? மீன்பெட்டிதான். அதன் மேல் ஒரு சாக்கை மடித்துப்போட்டு என்னை உட்காரவைத்தீர்கள். அலுவலகமே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது. சைவப் பிள்ளை மீன்பெட்டி மேல் ஊர்வலம் போனதை இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

நீங்கள் எந்தக் குழியையும் ஒதுக்கி ஓட்டவில்லை. எல்லாவற்றிலும் இறக்கி ஏற்றினீர்கள். “இது போன வருஷம் உங்காளு அடைச்சது சார், ஒரு மழைக்கு நிக்கல. இந்தா, இது நான் ஆனியில சொன்னது. இங்கன ஒரு டீச்சரம்மா விழுந்து கை ஒடிஞ்சுது.” எனக்கு முதுகெலும்பு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. பெட்டித் தண்ணீர் தளும்பிப் பேண்ட்டில் ஊறியது. “பையப் போங்கக்கா!” என்று கத்தினேன். அக்கா என்று உங்களை நான் முதலில் கூப்பிட்டது அப்போதுதான், உயிருக்குப் பயந்து.

வாய்க்கால்கரைத் தெரு முக்கில் வண்டியை நிறுத்தினீர்கள். குழி நிறையக் கலங்கல் தண்ணீர். அது அங்கே அப்படியே இருந்தது. நீங்கள் குழியைப் பார்த்தீர்கள், போனைப் பார்த்தீர்கள், மறுபடி குழியைப் பார்த்தீர்கள். ஏதோ தப்பாக வந்துவிட்டது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். கம்ப்யூட்டர் மேல் பழி போடுவது எங்களுக்குச் சுலபம். ஆனால் பெட்டி மேல் உட்கார்ந்து வந்ததில் என்னிடம் ஏதோ ஆடிப்போயிருந்தது. “நான்தாங்க்கா முடிஞ்சதா எழுதினேன். வந்து பாக்காமலே எழுதிட்டேன்” என்றேன்.

நீங்கள் கத்துவீர்கள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தேவலை. போனை இடுப்பில் செருகிக்கொண்டு, “ஊருக்கு நூறு பொய் சொல்லிக்கிடுங்க தம்பி. எம் மவ பேறுகாலத்துல மட்டும் சொல்லாதீங்க” என்றீர்கள். சார் போய்த் தம்பி ஆனது அன்றைக்குத்தான்.

நாடாவை எடுத்துக் குழியை அளந்தேன். மூன்றடிக்கு ஒரு விரற்கடை கூட. நீங்கள் ஜன்னலுக்குள் கையை நீட்டிக் காட்டியது சரிதான். வீட்டுக்குப் போனபோது என் மனைவி வாசலிலேயே நிறுத்திவிட்டாள். கொல்லைப்புறமாகப் போய், உடுத்திய துணியோடு குளித்துவிட்டுத்தான் உள்ளே போனேன். மறுநாள் முதல் வேலையாக அந்தப் பன்னிரண்டு புகாரையும் திரும்பத் திறந்தேன். கூட்டத்தில் என்னை எழுப்பி நிற்கவைத்தார்கள். நின்றேன்.

கலவை லாரிக்குத் தேதி வாங்குவதற்குள் கார்த்திகை முழுக்கப் போய்விட்டது. அதுவரை யாரும் விழக்கூடாது என்று நீங்கள் வாய்க்காலில் கிடந்த ஒரு கல்லைத் தூக்கிவந்து குழியின் ஓரத்தில் நட்டுவைத்தீர்கள். இருட்டோடு வருகிறவர்களுக்குத் தெரியட்டும் என்று அதற்குச் சுண்ணாம்பும் அடித்துவிட்டீர்கள். நல்ல யோசனை என்று நானும் போனில் சொன்னேன். வெள்ளையடித்த கல்லை நட்டுவைத்துவிட்டு நம் ஊரில் யாராவது சும்மா இருப்பார்களா? அந்த எண்ணம் உங்களுக்கும் வரவில்லை, எனக்கும் வரவில்லை. நீங்கள் மாதா கோயிலுக்குப் போகிறவர். நான் சுடலைமாடன் பீடங்களுக்கு நடுவிலேயே வளர்ந்தவன், எனக்காவது தோன்றியிருக்க வேண்டும்.

மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை தேதி கிடைத்தது. காலை பத்து மணிக்கு லாரியும் ஆட்களும் உங்கள் தெரு முக்குக்கு வந்துவிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது வேலை ஆரம்பிக்கவில்லை. ஆட்கள் தள்ளி நின்று பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“சார், இதுல நாங்க கை வைக்க மாட்டோம்” என்றார் மேஸ்திரி.

“ஏன்?”

“சாமி இருக்கு சார்.”

பார்த்தேன். உங்கள் கல்லுக்குச் சந்தனம், குங்குமம், செவ்வரளி மாலை. முன்னால் சூடம் எரிந்த கறை, இரண்டு எலுமிச்சம்பழம். முக்கில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஓடிவந்தார். “செருப்புக் காலோட அங்கன நிக்காதீங்க சார்! போன வாரம் நான் வண்டியோட இதுல விழுந்தேன். வண்டி சப்பளிஞ்சு போச்சு, என் மேல ஒரு கீறல் கிடையாது. தெய்வம் இல்லாம நடக்குமா வே? அன்னைக்கிருந்து நான்தான் வெளக்கு போடுதேன்.”

அந்த நேரத்தில் நீங்கள் வியாபாரம் முடிந்து வந்து இறங்கினீர்கள். விஷயம் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டீர்கள். “ஏய்யா, அது நான் வச்ச கல்லு! வாய்க்கால்ல கெடந்துச்சு. சுண்ணாம்பு அடிச்சது நானு!”

மேஸ்திரி மரியாதையாகத்தான் சொன்னார்: “கல்லு நீங்க வச்சதுதான் தாயி. அதுல வந்து உக்காந்தது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?”

நீங்கள் கல்லைத் திரும்பிப் பார்த்தீர்கள்.

மணி பத்தே கால். பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பிக்குது, பன்னிரண்டு வரை எதையும் தொடக்கூடாது என்றார் அண்ணாச்சி. அதுவரைக்கும் கலவை சூடாக நிற்காது, ஆறினால் கல்லாகிவிடும், அடுத்த தெருவில் கொண்டுபோய்த் தட்டுகிறேன் என்று லாரிக்காரர் வண்டியைக் கிளப்பினார். இந்த லாரி போனால் அடுத்தது பொங்கல் கழிந்துதான் வரும். உங்கள் மகளுக்கு அதற்குள் ஒன்பது பிறந்துவிடும். சம்பந்தியம்மா வேறு ஏற்பாடு பண்ணிவிடுவார். நான் லாரிக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். கால் மணி நேரம் பொறுங்கள் என்று கெஞ்சினேன். நான் அந்த வேலையில் யாரையும் கெஞ்சியது அதுதான் முதல் தடவை. அதிகாரம்தான் பண்ணியிருக்கிறேன்.

நீங்கள் செருப்பைக் கழற்றினீர்கள். கடைக் குடத்திலிருந்து தண்ணீர் மோந்து கையைக் கழுவினீர்கள், இரண்டு தரம். கோயிலுக்குள் போகும்போது போடுகிற மாதிரி முந்தானையைத் தலைக்குப் போட்டு, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, கல்லுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தீர்கள்.

“ஐயா, உம்ம இங்கன கொண்டாந்து வச்சது நான்தான். இம்புட்டு நாளும் போற வாறவங்க விழாம பாத்துக்கிட்டீரு. அண்ணாச்சியையும் காப்பாத்தினீரு. இப்ப எம் பிள்ளை இந்த வழியா வரணும். அந்தா, அந்தப் பூவரச மரத்தடியில நல்ல நெழலா இருக்கு. கோவிச்சுக்கிடாம கொஞ்சம் தள்ளி உக்காந்துக்கிடும்.”

நீங்கள் அந்தக் கல்லை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கினீர்கள். சந்தனம் உங்கள் சேலையெல்லாம் அப்பிக்கொண்டது. ஒருத்தரும் உதவிக்கு வரவில்லை, பயம். நான் வந்தேனா? இல்லை அக்கா, நானும் வரவில்லை. அண்ணாச்சிதான் முதலில் அசைந்தார். உங்களுக்கு முன்னால் ஓடி, தோளில் கிடந்த துண்டாலேயே மரத்தடியைக் கூட்டி, மஞ்சள் தண்ணீர் தெளித்தார். கல்லை இறக்கினீர்கள். கடையிலிருந்து ஒரு தேங்காய் வந்தது. அண்ணாச்சி உடைத்த தேங்காய் சரிபாதியாகப் பிளந்தது. பத்து இருபத்தெட்டு. மேஸ்திரி பீடியைக் கீழே போட்டு மிதித்தார்.

அதற்கப்புறம் அவர்கள் வேலை செய்த மாதிரி நான் பார்த்ததில்லை. வழக்கமாகத் தண்ணீர் நிற்கிற குழியிலேயே கலவையைக் கொட்டி அமுக்கிவிடுவார்கள். அன்றைக்கு நீங்கள் மீன்பெட்டியில் கிடந்த டப்பாவால் தண்ணீரை இறைத்துவிட்டு, “அடியில சகதி இருக்கு, அத வழிக்காம போடாதீங்க” என்று பக்கத்திலேயே நின்றீர்கள். சாமியிடமே பேசி முடித்தவரை மேஸ்திரி எதிர்த்துப் பேசுவாரா? குழியைச் சதுரமாக வெட்டி, சகதியை வழித்து, ஜல்லி போட்டு இடித்து, தார் தெளித்து, அதன் மேல்தான் கலவை. உள்ளே இருந்த நாலுக்கும் அதே மாதிரி. ராகு காலத்தில் முடித்தோம், யாருக்கும் அது ஞாபகமில்லை.

தை மாதம் சம்பந்தியம்மா வந்த கதையை நீங்கள் போனில் சொன்னீர்கள். முக்கில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி அவர் மட்டும் இறங்கினாராம். ஒவ்வொரு இடமாகக் குதிகாலால் மிதித்து மிதித்துப் பார்த்துக்கொண்டே உங்கள் வாசல் வரைக்கும் நடந்தாராம். பிறகுதான் திரும்பி, மருமகளைக் கொண்டுவரச் சொல்லிக் கையைக் காட்டினாராம். “மவ வந்துட்டா தம்பி, உள்ள உக்காந்து காப்பி குடிச்சிட்டிருக்கா” என்றபோது உங்கள் குரல் உடைந்துவிட்டது. எனக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. அதை மறைக்க ஆபீஸ் பேச்சுக்கு வந்தேன்.

“அப்ப உங்க புகாரை மூடிரலாமாக்கா?”

“மூடாதீங்க தம்பி.”

“அதான் எல்லாம் அடைச்சாச்சே!”

“ஒரு மழை போகட்டும்.”

எனக்குக் கோபம் வந்தது. தையில் எங்கே மழை? சித்திரையில் ஒருநாள் இடி இடித்துக் கொட்டியது. உடனே கூப்பிட்டேன். கோடை மழையெல்லாம் கணக்கில் வராது, ஐப்பசி மழைதான் ரோட்டோட குணத்தைச் சொல்லும் என்று வைத்துவிட்டீர்கள். அதற்குள் பேத்தி பிறந்து மாசி, பங்குனி ஓடியிருந்தது. பிள்ளை பிறந்த கையோடு ஒரு பனையோலைப் பெட்டி நிறையக் கருப்பட்டி கொண்டுவந்து ஜன்னலில் வைத்தீர்கள். “உங்களுக்கு மீனு குடுக்க முடியலையேன்னு இருக்கு” என்றீர்கள். அன்றைக்கு நான் நாற்காலியைத் தள்ளிப்போடவில்லை. எழுந்து வெளியே வந்து வாங்கிக்கொண்டேன்.

ஆவணியில் ஒரு விடியற்காலை, மீன் எடுக்கக் கிளம்பும்போது உங்களுக்கு நெஞ்சு வலி. இன்னும் உவரிக்குத் திரும்பாத உங்கள் மகள்தான் ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருக்கிறாள். வண்டி முக்கில் நிற்காமல் நேராக வாசலுக்கே வந்ததாம். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தீர்கள். பேத்தியை மடியில் போட்டுக் கொஞ்சிவிட்டுத்தான் போனீர்கள். “ரோடு மட்டும் பழையபடி இருந்திருந்தா அந்த ரெண்டு நாளும் எங்களுக்குக் கெடச்சிருக்காது சார்” என்று உங்கள் மகள் சொன்னபோது, சாவு வீடு என்றும் பாராமல் நான் அழுதுவிட்டேன். அண்ணாச்சி அன்று கடை திறக்கவில்லை. உங்களைத் தெரு வழியே கொண்டுபோனபோது மேஸ்திரியும் வந்து தோள் கொடுத்தார்.

இப்போது புகாரை முடிப்பதற்கு முன்னால் கொடுத்தவரைக் கூப்பிட்டு, ஆச்சா என்று கேட்கிறேன். முதலில் ஆபீஸில் எல்லாரும் சிரித்தார்கள். இப்போது இன்னும் இரண்டு பேர் அப்படிக் கேட்கிறார்கள். ஆட்களும் குழியைச் சதுரமாக வெட்டித்தான் அடைக்கிறார்கள். ஊரில் குழி இல்லையென்று சொல்ல மாட்டேன். உங்களிடம் ஒரு முறை பொய் சொன்னது போதும். ஆனால் அடைத்த குழி நிற்கிறது.

போன வாரம் ஐப்பசியின் முதல் பெருமழை. மூன்று நாள் விடாமல் அடித்தது. உங்கள் எண்ணுக்கே கூப்பிட்டேன். வேறு எண் என்னிடம் இல்லை. உங்கள் வீட்டிலேயே தங்கிவிட்ட உங்கள் மகள் எடுத்தாள். பின்னால் பிள்ளை அழுகிற சத்தமும், மழைச் சத்தமும்.

“அம்மா ஒரு புகார் குடுத்திருந்தாங்கம்மா. மழை போகட்டும்னு சொல்லியிருந்தாங்க. இப்ப மூடிரலாமா?”

“இரிங்க சார், பாத்துட்டு வந்து சொல்லுதேன்.”

அந்த மழையில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, குடையைப் பிடித்து முக்கு வரைக்கும் போய்ப் பார்த்திருக்கிறாள். பத்து நிமிடம் கழித்து அவளே கூப்பிட்டாள். “அஞ்சும் அப்படியே நிக்கி சார், ஒண்ணும் பேந்து போகல. ஆனா மொதக் குழிக்குத் தெக்க ஓரமாத் தண்ணி கட்டி நிக்கி. இப்பமே பாக்கலன்னா அது ஒடைச்சிரும். மூடாதீங்க சார். நீங்களே ஒரு தடவை வந்து பாத்திருங்க.”

எனக்கு வந்த சந்தோஷத்தை யாரிடம் போய்ச் சொல்வது அக்கா? மனைவி குடையைக் கையில் கொடுத்து, எதற்குச் சிரிக்கிறீர்கள் என்று கேட்டாள். போனேன், பார்த்தேன். உங்கள் மகள் சொன்னது சரி. தண்ணீர் வடிய வழியில்லாமல் ஓரம் ஊறிக்கொண்டிருக்கிறது. வாய்க்காலுக்கு ஒரு சாய்வு எடுத்துவிட்டால் போதும்.

நாளைக்கு வெயில் அடித்தால் ஆட்களைக் கூட்டிக்கொண்டு உங்கள் தெருவுக்கு வருகிறேன். சாய்வு எடுத்து, ஓரத்தையும் கட்டிவிடுவோம். அதற்குப் பிறகும் உங்கள் புகாரை மூட மாட்டேன். இன்னும் ஒரு மழை போகட்டும்.